வட்டம் போட்டதெல்லாம் இருக்கும்

வாய்க்கால் மேட்டில் அப்பா முன்னால் நடந்தார். தலையில் தகரப் பெட்டி. அவருக்குப் பின்னால் அம்மா, பாத்திர மூட்டையும் இடுப்பில் தங்கச்சியுமாக. கடைசியில் நான், கூடைக்குள் கால் கட்டிய இரண்டு கோழிகளோடு. நாங்கள் இருந்த தோட்டத்து வீடு தென்னைகளுக்குள் மறைந்துவிட்டது. கடப்பாரை விழும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. இடிபடுவது எங்கள் சுவர்.

அம்மா எப்போதும் அப்பாவுக்குப் பத்தடி தள்ளித்தான் நடப்பாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டு நடந்தாள். இரண்டு முறை அப்பாவின் செருப்பை மிதித்துவிட்டாள். மேடு வழுக்கும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வாய்க்கால் வளைகிற இடங்களில் மட்டும் அம்மா விலக, அப்பாவின் முதுகு எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை. அதன் நடுவில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். அதைப் போட்டது நான்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில், பெரிய ஓட்டு வீட்டின் பின்சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் குடியிருந்தோம். ஒரு காலத்தில் அங்கே நெல் அவிப்பார்களாம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதும் காவல் இருப்பதும் அப்பாவின் வேலை. அம்மா மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். நிலத்துக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். பெரிய பண்ணாடி செத்துப்போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. அவருடைய மகன் சின்னப் பண்ணாடிக்குக் கோயமுத்தூரில் தொழில். மாதம் ஒரு முறை காரில் வந்து இளநீர் குடித்து, பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பூட்டு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அவர் தன்னோடு ஒரு இஞ்சினியர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற மாதிரி வீட்டைத் திருத்தப் போகிறார்களாம். உள்ளே குளிர்காற்றுப் பெட்டி, வெந்நீர்க் குழாய் எல்லாம் புதிதாக வரும். ஆனால் பார்வைக்குப் பழைய வீடாகவே இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுவதைவிட இதற்குத்தான் மெனக்கெடல் அதிகம் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த அக்கா நல்லவர். அதை இப்போதும் சொல்வேன். அளக்கிற நாடாவின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, "கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு, நீ உட்டா வீடே கோணிக்கும்" என்றார். நான் மூச்சைக்கூட அடக்கிப் பிடித்தேன். ஏணி போட்டு மேலே ஏறி, உத்திரங்களை ஆணியால் குத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். இறங்கி வந்தபோது மூக்கு நுனியெல்லாம் கரி.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க. இத்தன வருசம் பூட்டிக் கெடந்த வீடு. ஒரு எடத்துலகூடக் கரையான் இல்ல, வண்டு இல்ல. எப்படிங்க?"

அப்பா சிரித்தார். "பொகைங்க."

"என்ன பொகை?"

"எங்கூட்டுக்காரி அடுப்புப் பொகைங்க. சாய்ப்புல மூட்டுனா ஓட்டுக்கு அடியாலயே புகுந்து ஊடு பூராப் போயிருமுங்க. பொகை போற எடத்துக்குப் பூச்சி வராதுங்க."

அக்கா உடனே நோட்டை எடுத்து அதை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியதால் படிக்க முடியவில்லை. ஆனால் என் அம்மாவின் அடுப்புப் புகையை ஒரு இஞ்சினியர் நோட்டில் எழுதிக்கொண்டார் என்பதை அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை.

பிறகு குறி போட ஆரம்பித்தார். அவரிடம் விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு மெழுகுக் குச்சி இருந்தது. மரம், கல், ஈரச் சுவர் எதில் இழுத்தாலும் எழுதும், தண்ணீர் பட்டால் அழியாது. மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விளக்கமாகச் சொன்னார்.

"வட்டம் போட்டதெல்லாம் இருக்கும். பெருக்கல் போட்டதெல்லாம் போயிரும். அவ்வளவுதான். மாத்தி இடிச்சுப்போட்டு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

"சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியுமுங்க" என்றார் மேஸ்திரி.

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆசாரம் என்று சொல்லும் முன் கூடத்தின் நான்கு தூண்களுக்கும் வட்டம். உத்திரங்களுக்கு வட்டம். பித்தளைக் குமிழ் வைத்த கதவுக்கு வட்டம். காவி பூசிய தரைக்கு, நடுவில் பெரிதாக ஒரு வட்டம். மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிக்கும் வட்டம் விழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். தொட்டி இருக்குமென்றால் மாடு இருக்கும், மாடு இருக்குமென்றால் நாங்கள் இருப்போம். எனக்கு அப்படித்தான் கணக்குப் போட வந்தது. தொட்டியில் தாமரை வளர்க்கப் போகிறார்கள் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை பண்ணாடியின் ஆட்டை மேய்த்துவிட்டு வந்து பார்த்தால், எங்கள் சாய்ப்பின் வெளிச்சுவரில் பெருக்கல் குறி இருந்தது. என் உயரத்துக்கு, மூலைக்கு மூலை இழுத்த பெரிய பெருக்கல். அம்மா அதன் மேல் ஒரு ஆணி அடித்து முறத்தை மாட்டி வைத்திருந்தாள். முறத்தால் நடுப்பாகத்தைத்தான் மறைக்க முடிந்தது. நான்கு கைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"குளிக்கற ரூமு இங்கதான் வருமாம்" என்றாள் அப்பாவிடம். "நாம எங்கீங்க போறது?"

"சின்னப் பண்ணாடி அப்பிடி உடமாட்டாரு. இத்தன தென்னைக்குத் தண்ணி கட்ட ஆள் வேணுமில்ல? அடுத்த ஞாயித்துக்கெழமை வாராரு. கேக்கறேன்."

"பையனுக்குப் பரிச்ச வருதுங்க."

"அதையுஞ் சொல்றேன்."

நாடா பிடித்ததற்காக அக்கா போகும்போது மெழுகுக் குச்சியின் தேய்ந்த மிச்சத்தை என்னிடம் கொடுத்திருந்தார். அதுவரை அதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தெரிந்துவிட்டது.

முதலில் முறத்தைக் கழற்றி, பெருக்கல் குறியைச் சுற்றிக் கை எட்டிய மட்டும் ஒரு வட்டம் போட்டேன். பிறகு கொய்யா மரம். பிறகு மாடு கட்டும் கட்டுத்தரையின் கம்பம். ஆட்டின் விலாவில் போடும்போது அது திமிறியதால் வட்டம் பூசணிக்காய் போல வந்தது. தங்கச்சியின் உள்ளங்கையில் ஒன்று போட்டேன். அவள் இன்னொரு கையையும் நீட்டினாள். கடைசியாக அம்மாவின் அடுப்பு. களிமண்ணும் வைக்கோல் தூளும் பிசைந்து, சட்டி நிற்க மூன்று குமிழ் வைத்து, மூன்று வருஷத்துக்கு முன் அவளே போட்ட அடுப்பு. அதன் பக்கவாட்டில் கரி படாத இடமாகப் பார்த்து நிதானமாக ஒரு வட்டம் போட்டேன்.

திங்கட்கிழமை கடப்பாரையோடு வந்த மேஸ்திரி எங்கள் சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இது என்னய்யா, இருக்கறதா, போறதா?"

அக்காவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆட்களில் ஒருவன் ஆட்டைக் காட்டி, "ஏனுங்க மேஸ்திரி, இதுக்கும் வட்டம் இருக்குதுங்க. இதையும் இடிக்கக் கூடாதுங்களா?" என்றான்.

"இடிக்காத. அறுக்கலாமான்னு கேட்டுச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்துவிட்டு முன்பக்க வேலைக்குப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் சுவரை யாரும் தொடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். வட்டம் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளித்து, திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். சின்னப் பண்ணாடி மத்தியானம் வரை வரவில்லை. அப்பா கயிற்றுக் கட்டிலைக் கொய்யா நிழலில் இழுத்துப் போட்டு, சட்டையோடேயே குப்புறப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. ஒரு தென்னை மட்டை விழுந்தாலே எழுந்து உட்காரும் ஆள். அன்றைக்கு வெயிலில் நன்றாக அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

எல்லாவற்றுக்கும் போட்டு அவருக்கு மட்டும் போடாமல் விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மெழுகு வெயிலில் இளகியிருந்தது. வலது தோளில் ஆரம்பித்தேன். மேலே சுலபமாக வந்தது. இடது பக்கம் இறங்கும்போது அவர் எழுந்துவிடுவாரோ என்று நிறுத்தி நிறுத்தி இழுத்தேன். எப்படியோ முடித்தேன். அவர் அசையவே இல்லை.

கார் வந்த சத்தத்தில் அப்பா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் போனார். சின்னப் பண்ணாடியும் அக்காவும் மேஸ்திரியும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். கொய்யா மரத்தைப் பார்த்ததும் அக்கா நின்றார். பிறகு ஆட்டைப் பார்த்தார். தங்கச்சி ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னப் பண்ணாடியும் சிரித்தார். அக்கா எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார்.

சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்தவர் அடுப்பின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இது யாருங்க செஞ்சது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா.

"சார், இத நாம எடுத்து வெச்சுக்கலாம் சார். ஆசாரத்துல ஓரமா வெச்சா எவ்வளவு அழகா இருக்கும்!"

"அடுப்ப எப்பிடிங்க எடுப்பீங்க? தரையோட சேந்ததுங்க" என்றாள் அம்மா.

"அடியில அறுத்து, பலகை குடுத்துத் தூக்கிரலாங்க. ஒடையாது" என்றார் மேஸ்திரி.

அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. நான் போட்டதில் ஒரு வட்டம் ஜெயித்துவிட்டது. ஒன்று ஜெயித்தால் மற்றவையும் ஜெயிக்கும்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சின்னப் பண்ணாடிக்கு நேராக நின்றார்.

"பண்ணாடி, சாய்ப்பு போனாப் போகட்டுமுங்க. கட்டுத்தரைக்கு அங்கிட்டு ஒரு ஓலைச் சாளை போட்டுக்கறமுங்க. பையன் பரிச்ச எழுதற வரைக்கும்னாலும்."

சின்னப் பண்ணாடி கடுமையாகப் பேசத் தெரியாதவர்.

"நீ சொல்றது புரியாம இல்லப்பா. ஆனா இனி மாடே இருக்காது. தண்ணிக்குச் சொட்டு நீர் போடறாங்க. காவலுக்குக் கோயமுத்தூர்லிருந்து யூனிபார்ம் போட்ட ஆளு வருவான். விருந்தாளிக வந்து போற எடத்துல குடும்பத்தோட ஆள் இருந்தா அது உங்களுக்கும் தொந்தரவு. வர்ற புதன்கெழமைக்குள்ள பாத்துக்க. சாமான் ஏத்த வண்டி வேணும்னா சொல்லு, அனுப்பறேன்."

"வண்டி வேண்டாமுங்க. அவ்வளவு சாமான் இல்லீங்க."

அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அப்போதுதான் அவர்கள் எல்லோருக்கும் அவர் முதுகு தெரிந்தது.

நான் அவர்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி சிரிப்பார்கள், 'சரி, இவரும் இருக்கட்டும்' என்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா போனைக் கீழே இறக்கினார். மேஸ்திரி ஒரு தரம் இருமினார். சின்னப் பண்ணாடி கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்பா வேகமாகப் போகவில்லை. கட்டுத்தரை வரைக்கும் நிதானமாக நடந்து, மூலையில் திரும்பினார்.

அக்கா என்னிடம் வந்து, "நீ போட்டதா கண்ணு?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா சட்டையைச் சீமெண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தாள், சவுக்காரம் போட்டு அடித்துப் பார்த்தாள். வட்டம் கொஞ்சம் வெளுத்ததே தவிரப் போகவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. புதன்கிழமை காலையில் அடுப்பு மூட்டவில்லை. பழைய சோற்றைப் போட்டுவிட்டு, சாம்பலை வழித்துக் கொட்டி, அடுப்பைச் சாணியால் மெழுகினாள். நான் போட்ட வட்டத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது அவள் கை.

"நாம போனாலும் அடுப்பு இங்கியே நல்லா இருக்குமில்லம்மா?" என்று கேட்டேன்.

"இருக்குங் கண்ணு. அதுக்கென்ன" என்றாள்.

அது நிஜம்தான். பிற்பாடு நான் பல ஊர்களில் இருந்துவிட்டேன். சென்னிமலையில் ஒரு தறிக்கூடத்தில் பாவு சுற்றினேன். கோபியில் வாழைத்தார் ஏற்றும் லாரியில் படுத்துத் தூங்கினேன். எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. அந்த லாரி டிரைவர்தான் ஒரு நாள் போனில் அந்த வீட்டின் படத்தைக் காட்டினார். அவருடைய முதலாளி குடும்பத்தோடு அங்கே போய்த் தங்கினாராம். ஆசாரத்து ஓரத்தில், விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே, அம்மாவின் அடுப்பு இருந்தது. சட்டி வைக்கிற இடத்தில் பூ மிதக்கிற ஒரு கிண்ணம். பக்கவாட்டில் மங்கலாக என் வட்டம். கீழே ஒரு சின்னப் பலகையில், நூறாண்டுப் பழமையான கொங்கு நாட்டு அடுப்பு என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் போட்டபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. உத்திரங்களுக்கு இப்போது வருஷா வருஷம் பூச்சி மருந்து அடிக்க ஆள் வருகிறதாம். அதையும் அந்த டிரைவர்தான் சொன்னார்.

அன்றைக்கு வாய்க்கால் மேடு முடிந்து தார்ச்சாலையில் ஏறினோம். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடையும் பத்து இருபது ஆட்களும் இருந்தார்கள். அம்மா மூட்டையை இறக்கி, ஒரு துண்டை உருவி, "மேல போட்டுக்குங்க, வெயிலு" என்றாள். வெயில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

"இருக்கட்டும் புள்ள" என்றார் அப்பா. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரோ ஒருத்தர், "ஏனுங்க, முதுகுல என்னமோ ஒட்டியிருக்குதுங்க" என்றார். "தெரியுமுங்க" என்றார் அப்பா.

பொள்ளாச்சிக்கு வடக்கே, கொட்டாங்குச்சி சுட்டுக் கரியாக்கும் இடத்தில் அம்மாவின் தம்பி வேலை பார்த்தார். இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்தோம். மாமா எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார். சாப்பிட்டு முடித்ததும், அப்பாவுக்கு வேலை இருக்கிறது, கூட ஒரு கை இருந்தால் இன்னும் நல்லது என்றார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருந்ததிலிருந்து அந்தக் கை என்னுடையது என்று புரிந்துகொண்டேன். பரீட்சையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் அப்பா வெறும் உடம்போடு நின்று, வெள்ளைச் சட்டையை என்னிடம் நீட்டினார்.

"இதப் போட்டுக்க. உன்ற சட்டையக் கரியாக்காத."

அது எனக்கு முழங்கால் வரை வந்தது. கைகளை மடித்துவிட்டார். என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கத்தைத் தடவி நீவினார்.

"மேல நல்லாத்தான் வந்துச்சு கண்ணு" என்றார். "எறங்கும்போதுதான் நீ நின்னு நின்னு இழுத்த."

சட்டையைப் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கரி சுடும் குழி ஆள் ஆழத்துக்கு இருந்தது. மாமா அடியில் நெருப்பு வைத்தார். கூடையில் கொட்டாங்குச்சி அள்ளிவந்து கொட்டிக்கொண்டே இருப்பதும், தீ எழும்பினால் மேலும் கொட்டி அமுக்குவதும் என் வேலை. புகை மட்டும் வர வேண்டும், தீ வரக் கூடாது என்றார்கள். மத்தியானத்துக்குள் கை, முகம், சட்டை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் வட்டம் எது கரி எது என்று தெரியவில்லை.